62 என்றே சொல்வோம்

திருப்பாதிரிப்புலியூர்,
கடலூர்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். "நம்ம வீட்டை விக்க 75 லட்சம் சொல்லும்மா, குறைக்கிறதை அப்புறம் குறைச்சுக்கலாம்" என்று நேற்று போனில் சொன்னாய். அப்போது எனக்குப் பதில் வரவில்லை. ராத்திரி நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன் தம்பி.

எதிர்வீட்டுக்காரர்களும் இப்படித்தான் கூட்டிச் சொன்னார்கள். முதல் மாதம் ஆள் மேல் ஆள் வந்தது, அப்புறம் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. விலையை இறக்கியதும், "இத்தனை நாளா விக்கலையே, ஏதாவது வில்லங்கமா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். வில்லங்கச் சான்று சுத்தமாகத்தான் இருந்தது. இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்து, முதலில் வந்தவர் கேட்டதைவிட 4 லட்சம் குறைவாகப் போனது.

பத்திரத்தில் எழுதிய விலையை மட்டும் நம்ப முடியாது என்பதால், நம் தெருவில் விற்ற இரண்டு பேரிடமே போய்க் கேட்டேன். மனை சதுர அடி 2,500 ரூபாய்க்குப் போயிருக்கிறது. நம்முடையது 1,800 சதுர அடி, அதுவே 45 லட்சம். கட்டடம் 1994-இல் கட்டியது. கொத்தனார் 14 லட்சத்துக்கு மேல் சொல்ல மாட்டேன் என்கிறார். ஆக 59. அப்பா அலைந்து வாங்கிப் போட்ட தேக்குக் கதவு நமக்கு உயிர். ஆனால் வாங்குகிறவர் அதற்குத் தனியாகப் பணம் தருவாரா?

வாங்குகிறவர் பாட்டையும் யோசித்துப் பார். பேங்க் இன்ஜினியர் 60 என்று மதிப்புப் போட்டால், அதில் 80 சதவீதம், 48 லட்சம்தான் அதிகபட்சக் கடன். முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2 என்று 9 சதவீதம் வேறு. நாம் 60-க்குக் கொடுத்தால் அவர் கையிலிருந்து 17 லட்சத்து 40 ஆயிரம் போட வேண்டும். 75 என்றால் 33 லட்சத்து 75 ஆயிரம்! மாதச் சம்பளக்காரர் எங்கே போவார்? நல்ல ஆளாக வருகிறவர்கூட விலையைக் கேட்டதும் வாசலோடு திரும்பிவிடுவார்.

இன்னொன்று. 2015 வெள்ளத்தில் தண்ணீர் நின்ற கறை வாசலில் மூன்றாம் படியில் இன்னும் இருக்கிறது. பெயின்ட் அடிக்க வந்தவர் மறைத்துவிடலாம் என்றார், நான் வேண்டாம் என்றேன். அதற்கு மேல் இன்னும் இரண்டு படி இருக்கிறது. வீட்டுக்குள் தண்ணீர் ஏறவில்லை என்று அந்தக் கறையைக் காட்டித்தானே சொல்ல முடியும்? மறைத்த பிறகு பக்கத்து வீட்டில் கேட்டுத் தெரிந்துகொண்டால், நாம் சொல்லும் எதையும் நம்ப மாட்டார்கள்.

62 சொல்வோம், 60-க்கு முடிப்போம். அதற்குக் கீழே நான் இறங்க மாட்டேன், அதற்காக நீ பயப்படாதே. திங்கட்கிழமை தரகர் வருகிறார். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு, தங்கச்சியையும் சேர்த்துக்கொண்டு பேசுவோம். மூலப்பத்திரத்தையும் பட்டாவையும் பீரோவிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அன்புடன்,
அம்மா