பாப்பாவுக்கு: ஊட்டியில் எதைக் கேட்டுச் சாப்பிடுவது

குன்னூர்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நாங்கள் நலம். உன் ஆபீஸ் சிநேகிதிகள் போன தடவை ஊட்டிக்கு வந்துவிட்டு, "இட்லி கல்லு, பிரியாணி அரிசி வேகவே இல்லை, குருமா வாயில் ஒட்டுது" என்று குறைப்பட்டதாக எழுதியிருந்தாய். அவர்கள் சொன்னது பொய்யில்லை. பாதிக் குற்றம் ஓட்டல்காரர் மேல். மீதி, அவர்கள் எதைக் கேட்டு வாங்கினார்கள் என்பதில். இந்த முறை நீ கூட்டிக்கொண்டு வருகிறாய். கடைப் பெயர் மட்டும் கேட்காதே. போன வருஷம் இருந்த மாஸ்டர் இந்த வருஷம் வேறு கடையில் நிற்பார்.

ஊட்டியின் உயரம் 2,240 மீட்டர். அங்கே தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதற்கு மேல் அடுப்பை எவ்வளவு கூட்டினாலும் சூடு ஏறாது, தண்ணீர்தான் வற்றும். அதனால் தண்ணீரிலும் ஆவியிலும் வேகிற எல்லாம் இங்கே தாமதம். சென்னையில் பத்து நிமிஷத்தில் வேகிற இட்லிக்கு இங்கே பதிமூன்று, பதினான்கு வேண்டும். கூட்ட நேரத்தில் அவ்வளவு யார் காத்திருக்கிறார்கள்? பழக்கதோஷத்தில் பத்துக்கே தட்டை எடுத்தால் நடுவில் பிசுபிசுவென்று நிற்கும்.

இட்லிக்கு அதைவிடப் பெரிய எதிரி குளிர். கீழே ஒரு ராத்திரியில் பொங்கும் மாவு இங்கே மறுநாள் மத்தியானம் வரை அசையாமல் கிடக்கும். விவரம் தெரிந்த கடைக்காரர் மாவுப் பாத்திரத்தைப் பாய்லர் ஓரத்தில், சாக்கு சுற்றி வைப்பார். அவசரக்காரர் ஆப்ப சோடாவை அள்ளிப் போடுவார். ஒரு இட்லியைப் பிட்டுப் பார். உள்ளே சின்னச் சின்னக் கண்ணாக, லேசான புளிப்பு வாசனையோடு இருந்தால் புளித்த மாவு. மஞ்சள் ஓடி, சோப்பு மாதிரி ஒரு வாடை வந்தால் சோடா. துவாரமே இல்லாமல் களிபோல இருந்தால் இரண்டுமே இல்லை. அந்தக் கடையில் அப்புறம் காபியோடு எழுந்துவிடு.

கல்லில் போடுவதற்கும் எண்ணெயில் பொரிப்பதற்கும் இந்த உயரக் கணக்கு அவ்வளவாகக் கிடையாது. தோசைக்கல் ஊட்டியிலும் சென்னையிலும் ஒரே சூடுதான். ஆகவே தோசை, ஊத்தப்பம், பரோட்டா, ஆம்லெட், பஜ்ஜி எல்லாம் தைரியமாகக் கேட்கலாம். ஒன்று மட்டும் கவனி: நாலு பரோட்டாவையும் ஒரே தடவையில் வைக்கச் சொல்லாதே, இரண்டு இரண்டாகக் கேள். இந்தக் குளிரில் தட்டில் ஐந்து நிமிஷம் கிடந்த பரோட்டா ரப்பர்தான். கல்லில் இருந்து எடுத்ததும் இரண்டு கையாலும் அடித்து, இதழ் பிரிந்து, ஆவியோடு வருகிறதா என்று பார்.

குருமா வாயில் ஒட்டியதற்கும் குளிர்தான் காரணம். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். வனஸ்பதி அதற்கும் முன்னாலேயே கட்டிப்படும். ஊட்டியில் ஓட்டல் மேஜையின் சூடு பல நாள் இருபதைத் தொடாது. ஆறிய குருமாவின் ஓரத்தில் வெள்ளை வளையம் கட்டி, மேலண்ணத்தில் பிசுக்குப் படிந்தால் வனஸ்பதியைத் தாராளமாக விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். ஆட்டுக்கறிக் குழம்பில் அதே வெள்ளை தெரிந்தால் பதறாதே, அது கறியின் கொழுப்பு, கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. இரண்டுக்கும் ஒரே வழி, "சால்னாவைக் கொதிக்க வெச்சுக் கொடுங்கண்ணா" என்று முதலிலேயே சொல்லிவிடுவது. முகம் சுளிக்காமல் செய்கிற கடை நல்ல கடை.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பன்னிரண்டரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். முதல் வடிப்புச் சோறு நின்று நிதானமாக வெந்திருக்கும். சீசனில் ஒன்றரைக்கு மேல் அவசரமாக வடித்த சோற்றில் நடுப்பருக்கை கடிபடும். சாம்பாரைக் கலக்கி ஊற்றச் சொல். பருப்பைக் குக்கரில் போட்டிருந்தால் கரைந்திருக்கும், அண்டாவில் திறந்து வேகவைத்திருந்தால் முழுசாக அடியில் கிடக்கும். பொரியலை வைத்தே கடைக்காரரை எடை போடலாம். காரட்டும் பீட்ரூட்டும் முட்டைக்கோஸும் தோட்டத்தில் விளைகிற ஊரில் வாடின பீன்ஸ் போடுகிறவர் வேறு எதைத்தான் கவனிக்கப் போகிறார்? மீன் கீழிருந்து மலை ஏறி வருகிறது. எப்போது வந்தது என்று கேட்காமல் ஆர்டர் சொல்லாதே.

பிரியாணி வேண்டும் என்று யாராவது அடம் பிடித்தால் கூடலூர் பக்கம் போகிற நாளுக்கு ஒத்திப்போடு. ஊட்டியில் இருந்து ஐம்பது கிலோமீட்டர், சுமார் ஆயிரம் மீட்டர் தாழ்வு. அரிசியும் வேகும், மலபார்க் கைப்பக்குவத்தில், கைமா என்கிற சின்ன மணி அரிசியில் செய்த பிரியாணியும் கிடைக்கும்.

டீக்கடையில் மாஸ்டரிடம் "ஆத்தாம கொடுங்க" என்று சொல். சென்னையில் உயரத் தூக்கி ஆற்றுவது அழகு. இங்கே அப்படி ஆற்றினால் கிளாஸ் கைக்கு வரும்போது வெதுவெதுப்புத்தான். டிக்காக்‌ஷன் பையைக் கரண்டியால் அழுத்திப் பிழிகிறாரா என்று பார், பிழிந்தால் கசக்கும். கூட ஒரு வர்க்கி, அடுக்கடுக்காக மொறுமொறுவென்று இருக்கும் பேக்கரிப் பண்டம். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது இந்த ஊட்டி வர்க்கி. உடைத்தால் சத்தம் வர வேண்டும், அடுக்கு தெரிய வேண்டும், பழைய கொழுப்பு வாடை கூடாது. ஊருக்கு வாங்குவதானால் அன்றே காற்றுப் புகாத டப்பாவில் போடு. மூடுபனியில் ஒரு ராத்திரி திறந்து கிடந்தால் சவசவத்துவிடும்.

பில்லில் ஜிஎஸ்டி 5 சதவீதம், இரண்டரை இரண்டரையாகப் பிரித்திருப்பார்கள். சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகச் சேர்த்திருந்தால் எடுக்கச் சொல்லலாம். அது கட்டாயம் இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை, எல்லோரும் எவர்சில்வர் பாட்டில் கொண்டுவரட்டும். ஓட்டலில் வெந்நீர் கேட்டால் கொடுப்பார்கள். 93 டிகிரியானாலும் மூன்று நிமிஷம் தளதளவென்று கொதித்த தண்ணீர் போதும்.

இட்லி இல்லாமல் உன் சிநேகிதிகளுக்குப் பொழுது விடியாது என்றால், காலையில் மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் அங்கேயே வயிறாரச் சாப்பிட்டுவிட்டு மலை ஏறுங்கள். அங்கே மாவு பொங்கும். வடையும் பொங்கலும் மட்டும் வேண்டாம். மேலே பதினாலு கொண்டை ஊசி வளைவு இருக்கிறது.

அன்புடன்,
அப்பா