ரீஸ்டார்ட் செய்வது சோம்பேறித்தனம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இணையச் சேவைகள் நடுராத்திரியில் 'பராமரிப்புக்காக நிறுத்தம்' என்று போர்டு மாட்டிவிடுவதைப் பற்றி ஒரு வாசகர் போன வாரம் காட்டமாக எழுதியிருந்தார். செர்வர்களை இயக்கும் லினக்ஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மையப் பகுதியான கெர்னலுக்குப் பேட்ச் (திருத்தம்) போடலாமே, அப்புறம் எதற்கு ரீஸ்டார்ட், சோம்பேறித்தனம்தானே என்கிறார். பாயான் லெப்பாஸில் செர்வர்களோடு மல்லுக்கட்டும் எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை.

வசதி இருப்பது உண்மைதான். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் பிறந்த கேஸ்ப்லைஸ் என்ற மென்பொருள் 2008இலேயே இதைச் செய்து காட்டியது. 2014இல் லினக்ஸ் நிறுவனங்களான ரெட் ஹாட், சூசே இரண்டும் தனித்தனியாக ஆளுக்கொன்று கொண்டுவந்தன. இரண்டுக்கும் பொதுவான அடித்தளம் அடுத்த வருடம் லினக்ஸ் 4.0இல் சேர்ந்தது.

ஆனால் பழைய நிரலை அழித்துவிட்டு அதன் மேல் புதியதை எழுதுவதில்லை. வழக்கமான 64 பிட் இன்டெல், ஏஎம்டி மெஷின்களில் கெர்னலின் பெரும்பாலான ஃபங்ஷன்களுடைய (ஒவ்வொரு வேலைக்கான நிரல் துண்டுகள்) தொடக்கத்தில் 5 பைட் சும்மா விட்டிருக்கும். பேட்ச் வந்ததும் அங்கே ஒரு திருப்பம் எழுதப்பட்டு, அழைப்பு புதிய ஃபங்ஷனுக்குப் போய்விடும். எழுதும் அதே நேரத்தில் இன்னொரு சிபியு அந்த இடத்தைக் கடந்தால் பாதி பழசும் பாதி புதுசுமாகப் படித்துத் தொலைக்குமே, அதனால் முதல் பைட்டில் பிரேக்பாயின்ட் (இங்கே நில் என்ற குறி) வைத்து, எல்லா சிபியுவுக்கும் தெரியப்படுத்தி, மீதி நான்கை மாற்றிவிட்டு, கடைசியில்தான் முதல் பைட்டைச் சரிசெய்கிறது கெர்னல். இவ்வளவு பார்த்துச் செய்கிறார்கள்.

தலைவலி இதற்குப் பிறகுதான். பழைய ஃபங்ஷனுக்குள் ஏற்கெனவே நுழைந்துவிட்ட புரோசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமை, என்ன செய்வது? பழையது ஒரு வரிசையில் லாக் (ஒரு நேரத்தில் ஒருவரே தொடுவதற்கான பூட்டு) பிடிக்க, புதியது வேறு வரிசையில் பிடித்தால் இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றுவிடும். அதனால் 2017இல் வந்த லினக்ஸ் 4.12 முதல், ஒவ்வொரு புரோசஸின் ஸ்டேக்கையும் (அது எந்தெந்த ஃபங்ஷனுக்குள் இருக்கிறது என்ற பதிவு) பார்த்து, அதில் பழைய ஃபங்ஷன் இல்லை என்று உறுதியான பிறகே புதியதுக்கு மாற்றுகிறார்கள். எங்கள் இடத்தில் ஒரு புரோசஸ் பழைய ஃபங்ஷனுக்குள்ளேயே, பதில் வராத என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழி) டிஸ்க்குக்காகத் தூங்கிக்கொண்டிருக்க, டிரான்சிஷன் என்ற ஃபைலில் மாற்றம் இன்னும் முடியவில்லை என்று காட்டும் 1 மாறவே இல்லை. பேட்ச் போட்டாச்சு என்று மேலிடத்துக்கு எழுதவும் முடியாது, போடவில்லை என்றும் சொல்ல முடியாது.

டேட்டா அமைப்பே மாறுகிற திருத்தம் என்றால் இன்னும் மோசம். நினைவகத்தில் பழைய வடிவில் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் கிடப்பவற்றை என்ன செய்வது? சுற்றுவழிகள் உண்டு, ஆனால் ஒவ்வொரு பேட்ச்சையும் ஒரு ஆள் உட்கார்ந்து யோசித்துத்தான் எழுத வேண்டும், சிலதை எழுதவே முடியாது. கெர்னலை அடியோடு புதிய பதிப்புக்கு மாற்ற இது உதவவும் உதவாது.

இது வீண் என்று சொல்ல வரவில்லை. 2016 அக்டோபரில் டர்ட்டி கவ் என்ற பாதுகாப்புக் குறை வெளியானபோது, 2007 முதல் கெர்னலில் கிடந்த ஓட்டை வழியாகச் சாதாரணப் பயனர் யாரும் ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) ஆகலாம் என்ற நிலை. அப்படிப்பட்ட நாளில் ஓட்டையை உடனே அடைத்துவிட்டு, ரீஸ்டார்ட்டை ஞாயிறு விடிகாலைக்குத் தள்ளிவைக்கலாம். தள்ளிவைக்கத்தான் முடியும்.

வாசகர் கேட்க வேண்டியது, ஒரு மெஷினை நிறுத்தினால் மொத்தச் சேவையும் படுத்துவிடுகிற மாதிரி ஏன் வைத்திருக்கிறார்கள் என்பதுதான். இரண்டு இருந்தால் ஒன்று ரீஸ்டார்ட் ஆகும்போது மற்றது தாங்கும். அதற்குப் பணம் ஒதுக்கச் சொல்லி நாங்களும் வருடா வருடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பினாங்கு