டாங் பற்றிப் பேச உதவிய எல்லோருக்கும்

வணக்கம்.

போன சனிக்கிழமை எங்கள் ஊர் நூலகத்தில், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானோடு போரிட்டு மூழ்கிய 'டாங்' என்ற அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் பற்றித் தமிழில் பேசினேன். கேட்டவர்கள் என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டில் பெரும்பங்கு யாருக்குச் சேர வேண்டும் என்பதை எல்லோரும் அறியச் சொல்லத்தான் இந்த மடல்.

முதலில், இந்தியக் கடற்படை நீர்மூழ்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற மாமாவுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. நான் பேசிய சம்பவம் இதுதான்: 1944 அக்டோபர் 25 அதிகாலை, தைவான் நீரிணையில் டாங்கிடம் மிச்சமிருந்தது ஒரே ஒரு டார்பிடோ (நீருக்கடியில் தானே ஓடிப்போய்க் கப்பலைத் தாக்கும் குண்டு), இருபத்துநான்காவது. ஏவியதும் அது நீர்மட்டத்துக்கு மேலே எழும்பி, இடப்பக்கம் வளைந்து, தன்னை ஏவிய கப்பலையே நோக்கித் திரும்பியது. மேலே நின்ற கேப்டன் ரிச்சர்ட் ஓ'கேன் வேகத்தைக் கூட்டிக் கப்பலைத் திருப்பப் பார்த்தார். முடியவில்லை. பின்பகுதியில் அடி விழுந்தது. இருந்த 87 பேரில் 78 பேர் இறந்துபோனார்கள்.

ஏவியது எப்படித் திரும்பி வரும் என்று நான் கேட்டபோது, நீங்கள் சாப்பாட்டு மேசையிலேயே பேப்பரை விரித்து வரைந்து காட்டினீர்கள். டார்பிடோவை நேராக ஓட வைப்பது கைரோ என்ற சுழல் கருவி. அது சொல்வதைச் சுக்கான் கேட்க வேண்டும். கைரோ கெட்டாலோ, சுக்கான் ஒரு பக்கமாகச் சிக்கிக்கொண்டாலோ, டார்பிடோ வட்டமடிக்க ஆரம்பித்துவிடும். "இதுல யார் தலையிலயும் பழியைப் போட்டுப் பேசிடாதீங்க தம்பி" என்றீர்கள். அன்றைய பேச்சு முழுவதும் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் போனது.

அடுத்து, சான் பிரான்சிஸ்கோவில் 'பம்பனிட்டோ' நீர்மூழ்கியைப் பராமரிக்கும் தொண்டர்களுக்கு. டாங்கும் அதுவும் 'பலாவ்' (Balao) என்ற ஒரே வகுப்பு, அதாவது ஒரே வடிவமைப்பு. முன் டார்பிடோ அறையில், தப்பிக்கும் வழிக்கு நேர் கீழே எங்களை நிற்க வைத்து, கேட்ட கேள்விகளுக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னீர்கள். டாங் சுமார் 55 மீட்டர் ஆழத்தில் தரை தட்டியபோது, ஏறக்குறைய 30 பேர் அப்படியொரு அறையில்தான் கூடியிருந்தார்கள். பக்கத்துப் பகுதியில் தீ; அறைக்குள் புகை. நீருக்குள்ளிருந்து மேலே வரும்வரை மூச்சுவிட உதவும் மோம்சன் சுவாசப் பையை மாட்டிக்கொண்டு 13 பேர் வெளியேறினார்கள். ஐந்து பேர்தான் கடைசியில் மீட்கப்பட்டார்கள். அந்த இடம் எவ்வளவு குறுகல் என்பதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது. நின்று பார்க்க வேண்டும். பார்க்க வைத்தீர்கள்.

ஜப்பானில் பல வருஷம் இருந்துவிட்டு வந்த அக்காவுக்குத் தனியாக ஒரு நன்றி. எதிர்த்தரப்பில் செத்தவர்களையும் பேசாமல் விடக்கூடாது என்று வற்புறுத்தியவர் அவர்தான். அந்த ஐந்து பேர், வேறு வழியில் தப்பிய ஓ'கேன் உள்ளிட்ட நான்கு பேர், ஆக ஒன்பது பேரை ஜப்பானியக் கப்பல் ஒன்று ஏற்றிக்கொண்டது. அதில் அவர்களை அடித்தவர்கள், டாங் மூழ்கடித்த கப்பல்களிலிருந்து தீக்காயங்களோடு பிழைத்தவர்கள். அது தெரிந்த பிறகு அந்த அடியை அவ்வளவு வெறுப்பில்லாமல் தாங்கிக்கொள்ள முடிந்தது என்று ஓ'கேனே பதிவு செய்திருக்கிறார். இதைச் சொன்னபோது கூட்டத்தில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அக்கா, அந்தப் பகுதி உங்களுடையது.

ஒன்பது பேரும் சிறைமுகாமைக் கடந்து உயிரோடு ஊர் திரும்பினார்கள். அவர்கள் நினைவிலிருந்து சொல்லி வைக்காவிட்டால் அந்த இரவைப் பற்றி நமக்கு எதுவுமே தெரிந்திருக்காது. அவர்களுக்கும் என் நன்றி.

அப்புறம், நாற்காலி போட்ட தம்பிகள், மைக் சரிசெய்தவர், சுண்டல் கொண்டுவந்த அண்ணி, எல்லோருக்கும். எழுபத்தெட்டுப் பெயர்களையும் மாறி மாறி வாசித்த பிள்ளைகளுக்கு முத்தங்கள். வாய்க்குள் நுழையாத பெயர்களை வீட்டில் சொல்லிச் சொல்லிப் பழகி வந்திருந்தார்கள்.

மாமா, கடைசியாக ஒன்று. அதே 1944 மார்ச்சில் பலாவு தீவுகளுக்கு வடக்கே 'டல்லிபீ' என்ற அமெரிக்க நீர்மூழ்கியும் தன் டார்பிடோவாலேயே மூழ்கியது, ஒருவர்தான் பிழைத்தார் என்றதும் நிறையப் பேர் அதைப் பற்றி விவரம் கேட்டார்கள். அடுத்த கூட்டத்தில் அதை நீங்களே பேசுங்கள். நாற்காலி போட நான் வருகிறேன்.