மண்டபத்தை இடிக்கும் முன் ஒரு வார்த்தை

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

எங்கள் ஊர்க் கோயிலின் பழைய மண்டபத்தை இடித்துவிட்டு, கான்கிரீட்டில் மாடி வைத்துக் கட்டப் போவதாக ஆடிக்கூழ் ஊற்றிய அன்று மைக்கில் அறிவித்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். நான் தட்டவில்லை. "தாத்தாவுக்கு எதுவுமே பிடிக்காது" என்று பேரன் கேலி செய்தான். நாற்பத்தாறு வருஷம் இந்தப் பர்மாவில், பெகுவிலும் சுற்றுவட்டாரத்திலும் கரணை பிடித்தவன் நான். பிடிக்காமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. அதை எழுதிவிடலாம் என்றுதான் இந்தக் கடிதம்.

அந்த மண்டபம் மரச்சட்டம் கூட்டி, நடுவில் அரைக்கல் கனத்துக்குச் செங்கல் நிரப்பியது. பர்மாக்காரர்கள் நன்கட் தைக் என்பார்கள். தூண் பன்னிரண்டும் பியங்கடோ, நம் பக்கம் இருள் என்று சொல்கிற மரம். ஆணி அடித்தால் ஆணிதான் வளையும். மேலே தகரம். 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, பகல் 12:50க்கு நிலநடுக்கத்தில் ஊரே ஆடியபோது நான் எதிரில் டீக்கடையில் இருந்தேன். தூண்கள் கிரீச்சிட்டது தெருவுக்குக் கேட்டது. மேற்குப் பக்கம் ஒரு கட்டத்தில் செங்கல் பொலபொலவென்று உதிர்ந்தது. அவ்வளவுதான். கூரை இருந்த இடத்திலேயே இருந்தது. அந்த ஒரு கட்டம் உதிர்ந்ததைக் காட்டித்தான் இப்போது "மண்டபம் பலமில்லை" என்கிறார்கள். உதிர வேண்டியது உதிர்ந்து, நிற்க வேண்டியது நின்றது என்று நான் சொல்வேன். தூணில் நாலு செங்கல் வரிக்கு ஒரு துளை போட்டு ஆணி அடித்துக் கம்பி ஓட்டியிருந்தால் அந்தச் செங்கலும் நின்றிருக்கும்.

பெகுவில் இருப்பவர்கள் ஷ்வேமாடோ பகோடா என்கிற புத்த தூபிக்குப் போனால் வடகிழக்கு மூலையைப் பாருங்கள். 1917 நிலநடுக்கத்தில் மேலிருந்து விழுந்த கட்டி ஒன்றை அப்படியே விட்டு வைத்திருக்கிறார்கள். செங்கலும் காரையும் சேர்ந்த பெரிய பாறை மாதிரி இருக்கும். நான் வேலை பழகிய காலத்தில் என் அப்பா என்னை அங்கே கூட்டிப்போய், "எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தது, கல் தனியாகக் காரை தனியாகப் பிரிந்ததா பார்" என்றார். பிரியவில்லை. பழைய சுண்ணாம்புக் கலவை காற்றைக் குடித்துக் குடித்து வருஷக்கணக்கில் இறுகும். ஆனாலும் விழுந்தது, இல்லையா? கலவை கெட்டி, அழுத்தினால் தாங்கும். பக்கவாட்டில் ஆட்டினால் இழுத்துப் பிடிக்க உள்ளே ஒன்றும் இல்லை. 1930 மே 5 ராத்திரி அந்தப் பகோடா திரும்பவும் சரிந்தது. ஊரில் சுமார் 500 பேர் இறந்து போனார்கள். இப்போது நிற்பதைக் கட்டி முடித்தது 1954இல். நான் பிறந்த வருஷம்.

சரி, அப்படியானால் கம்பி போட்ட கான்கிரீட் நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான், கம்பியைக் கட்டுகிற விதத்தில் கட்டினால்.

நடுக்கம் வந்து மூன்று வாரம் கழித்து வடக்கே பின்மனா ஊரில் உறவுக்காரர் வீட்டு இடிபாடு அள்ளப் போனேன். கீழே கடை, மேலே வீடு. முன்பக்கம் சுவரே இல்லை, ஷட்டர் மட்டும். மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி. கீழ்த்தளம் மடிந்து மேல்தளம் தரையில் உட்கார்ந்திருந்தது. நல்லவேளை, அந்த நேரம் கடையில் ஆள் இல்லை. ஒரு தூணின் தலைப்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தேன். நீளக் கம்பிகள் கூடைப் பிரம்பு மாதிரி வெளியே பிதுங்கியிருந்தன. அவற்றைச் சுற்றிக் கட்டுகிற ரிங் நாலு அங்குலத்துக்கு ஒன்று இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சாண் இடைவெளி. இருந்த ரிங்கும் வாய் திறந்து கிடந்தது. ரிங்கின் இரண்டு முனையையும் செங்கோணமாக மடக்கி விட்டிருக்கிறார்கள். மேல்பூச்சு உதிர்ந்ததும் அது கதவு மாதிரித் திறந்துகொள்ளும். 135 பாகைக்கு உள்நோக்கி வளைத்து, மூன்று அங்குல வாலைத் தூணின் வயிற்றுக்குள் விட்டிருந்தால் திறந்திருக்காது. ஒரு ரிங்குக்கு ஒரு நிமிஷ வேலை கூடுதல்.

தூணும் பீமும் சேருகிற இடத்துக்குள் ரிங்கே இல்லை. அங்கே கட்டுவது தொல்லை. கை நுழையாது, முதுகு போய்விடும். என் முப்பது வயதில் நானும் அப்படி விட்டிருக்கிறேன். எந்தத் தெருவில், எந்த வீட்டில் என்று இன்றும் தெரியும். அந்த வழியாக நடக்கும்போது அண்ணாந்து பார்ப்பதில்லை.

அப்புறம் தண்ணீர். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் தாராளம், மணல் ஈரமாக இருந்தால் அதுவும் வேண்டாம். கலவை வழுக்கிக்கொண்டு ஓடட்டும் என்று 40 வரை ஊற்றுகிறோம். கூடுதலாக ஊற்றிய தண்ணீர் காய்ந்தால் அத்தனையும் பொந்து. கலவையில் கொட்டுகிற கை, போட்ட தளத்துக்கு ஊற்ற வராது. ஏப்ரல் வெயிலில் தளம் போட்டுவிட்டுத் திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவுக்கு ஆளெல்லாம் ஊருக்குப் போய்விடுவார்கள். தெருவில் போகிறவன் வருகிறவன் மேலெல்லாம் தண்ணீர் ஊற்றுவோம், தளம் மட்டும் வறண்டு கிடக்கும். ஏழு நாளாவது சாக்கு போட்டு நனைக்க வேண்டாமா?

மரத்துக்கு வக்காலத்து வாங்குவதாக நினைக்க வேண்டாம். 2008 மே மாதம் நர்கிஸ் புயலில் ஐராவதி டெல்டாவில் மூங்கிலும் 'தனி' என்கிற நிப்பா பனை ஓலையுமாக இருந்த வீடுகள் அலையோடு போனதை இந்த நாட்டில் யார் மறப்பார்? இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,30,000 பேருக்கு மேல். 1930இல் பெகுவில் நடுக்கம் விட்டதும் தீ பிடித்தது. அதற்குத் தீனி இந்த மரம்தான். கறையான் கதை தனி. தண்ணீர் ஏறுகிற இடத்தில் கான்கிரீட் தூண் வைத்துத்தான் கட்ட வேண்டும். எங்கள் கோயில் இருப்பதோ மேட்டில்.

ஆகவே கோயில் கமிட்டியாருக்கு என் விண்ணப்பம் இதுதான். முடிந்தால் மண்டபத்தை விட்டுவிடுங்கள். உதிர்ந்த கட்டத்தை நானே கட்டித் தருகிறேன், கூலி வேண்டாம். சித்தாள் ஒருவர் மட்டும் கொடுங்கள், இந்த வயதில் செங்கல் தூக்க முடியவில்லை. இடிப்பதென்றே முடிவானால் அந்தப் பன்னிரண்டு தூணையும் விறகு விலைக்குத் தள்ளிவிடாதீர்கள். இன்று அந்தக் கனத்தில் பியங்கடோ வாங்கப் போனால் தெரியும். மாடி கட்டினால் கீழே நாலு பக்கமும் திறந்து விடாமல் இரண்டு பக்கமாவது சுவர் வையுங்கள். காண்ட்ராக்டர் யாராக இருந்தாலும் சரி, கம்பி கட்டி முடித்த அன்று, கான்கிரீட் ஊற்றுவதற்கு முந்தின நாள், எனக்குச் சொல்லி அனுப்புங்கள். ஒவ்வொரு தூணுக்குள்ளும் கையை விட்டுப் பார்க்க எனக்கு அரை நாள் போதும். டீ நான் என் காசில் குடித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு பழைய கொத்தனார்,
பெகு.