மூன்று ஒன்பதுகள்

சென்னை,
14.04.2017

அன்பு நண்பா,

உனக்கும் வீட்டில் எல்லோருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள். வேப்பம்பூப் பச்சடி சாப்பிட்ட கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன். புனித வெள்ளியும் இன்றே வந்ததால் தெருவில் வண்டிச் சத்தமே இல்லை. உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. நிதானமாகப் பதில் எழுத வேண்டும் என்றுதான் வைத்திருந்தேன்.

மெதுவாக ஓட ஆரம்பிக்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லிவிட்டதாக எழுதியிருக்கிறாய். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு உன்னிடமிருந்து வந்த முதல் நல்ல செய்தி அதுதான். வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். ஆனால் அதே பக்கத்தில், உன் டென்னிஸ் ராக்கெட்டை அண்ணன் மகனுக்குக் கொடுத்துவிடலாமா என்று யோசிப்பதாகவும் இருக்கிறது. கொடுக்காதே. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

முதலில் நடால். மயாமியிலும் தோற்றுவிட்டானே, இனிமேல் அவனால் முடியுமா என்று கேட்டிருக்கிறாய். நீ ஃபெடரர் ஆள்தான், ஆனாலும் அக்கறையோடு கேட்கிறாய் என்று தெரியும். முடியும் என்று நான் நம்புகிறேன். அடுத்த வாரம் மான்டி கார்லோவில் மண் தரைக்கு வந்ததும் அது தெரிய ஆரம்பிக்கும் என்றும் நம்புகிறேன்.

தோல்விகளை நான் மறந்துவிடவில்லை. இந்த ஆண்டு ஃபெடரரிடம் மட்டும் மூன்று முறை தோற்றிருக்கிறான். ஜனவரியில் மெல்போர்ன் இறுதியில் ஐந்து செட், மார்ச்சில் இந்தியன் வெல்ஸில் 6-2, 6-3, இந்த மாதம் 2ஆம் தேதி மயாமி இறுதியில் 6-3, 6-4. நடுவில் அகபுல்கோ இறுதியில் சாம் குவெரியிடமும் தோற்றான். போன ஏப்ரலில் பார்சிலோனாவில் வாங்கியதுதான் ஒற்றையரில் அவனுடைய கடைசிக் கோப்பை. மெல்போர்னில் ஐந்தாவது செட்டில் 3-1 என்று முன்னால் இருந்துவிட்டு விட்டுக்கொடுத்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. உன்னிடம் அன்று போனில்கூடப் பேசவில்லை, நினைவிருக்கும். ஆனால் இப்போது யோசித்துப் பார்த்தால், இந்த நான்கு தோல்விகளில் மூன்று இறுதிப் போட்டிகள். 2016இல் இதே ஆஸ்திரேலிய ஓபனில் முதல் சுற்றிலேயே வெர்டாஸ்கோவிடம் தோற்று வீட்டுக்குப் போனவன் இவன்.

அதற்கும் முந்தைய 2015தான் உண்மையில் பயமாக இருந்த வருடம். அப்போது நாம் அவன் ஃபோர்ஹேண்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். பந்து ஆழமாகப் போய் விழுவதில்லை, சர்வீஸ் கோட்டுக்குப் பக்கத்திலேயே விழுகிறது, எதிராளி உள்ளே வந்து அடிக்கிறான் என்று. அவன் சொன்னது வேறு. அந்த மார்ச்சில் மயாமியில் தோற்ற பிறகு, பிரச்சினை டென்னிஸில் இல்லை, களத்தில் மனம் நிதானமாக இருப்பதில்தான் இருக்கிறது, பதற்றமாக இருக்கிறது என்று வெளிப்படையாகச் சொன்னான். அப்போது 14 கிராண்ட் ஸ்லாம் வென்றிருந்தவன் பத்திரிகைக்காரர்களுக்கு முன்னால் உட்கார்ந்து அதைச் சொன்னபோது எனக்கு அவன்மேல் மரியாதை கூடியது. அந்த வருடம் மண் தரையிலேயே ஃபோக்னினியிடம் இரண்டு முறை தோற்றான். மாட்ரிட் இறுதியில் மர்ரேயிடம் 6-3, 6-2. பாரிஸில், பிரெஞ்சு ஓபனில், அவனுடைய 29ஆவது பிறந்தநாள் அன்றே ஜோகோவிச்சிடம் நேர் செட்களில் தோற்றான்.

அவன் சொன்னதன் அர்த்தம் இந்த மார்ச்சில்தான் எனக்கு முழுசாகப் புரிந்தது. என் மகள் பிளஸ் டூ பரீட்சை எழுதினாள். இயற்பியல் தாளன்று தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கணக்கை மூன்று தடவை அடித்துவிட்டு எழுதினாளாம். "தெரியும்ப்பா, கைதான் ஓடவில்லை" என்று அழுதாள். இப்போது நீட் உண்டா இல்லையா என்பதே யாருக்கும் தெரியவில்லை. சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாக்களுக்கு ஒப்புதல் வரவில்லை, பரீட்சையோ மே 7. இரண்டுக்குமாகச் சேர்த்துப் படிக்கிறாள். இரவு பதினொரு மணிக்கு அவள் அறையில் விளக்கு எரிவதைப் பார்த்துவிட்டு நானும் தூங்காமல் கிடக்கிறேன். உன் பெரியவன் இந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டான். அவளிடம் ஒருநாள் பேசச் சொல். அவள் நான் சொல்வதைவிட அவன் சொல்வதைக் கேட்பாள்.

சரி, மண் தரைக்கு வருகிறேன். நாம் விளையாடிப் பழகியதும் மண் கோர்ட்டில்தான். விடிகாலையில் மார்க்கர் அண்ணன் தண்ணீர் தெளித்து, ரோலர் இழுத்து, சுண்ணாம்பில் கோடு போட்டு வைத்திருப்பார். கோடு காய்வதற்குள் நீ போய் மிதித்துத் திட்டு வாங்குவாய். அந்த கோர்ட் இப்போது இருக்கும் நிலை உனக்குத் தெரியாது. டிசம்பரில் வர்தா புயலில் ஓரத்தில் நின்ற தூங்குமூஞ்சி மரம் வேலிமேல் சாய்ந்துவிட்டது. மரத்தை அறுத்து எடுக்க மூன்று வாரம் ஆனது. வேலியைச் சரிசெய்து முடிப்பதற்குள் கோடையும் தண்ணீர்ப் பஞ்சமும் வந்துவிட்டன. குடிக்கவே லாரித் தண்ணீர் என்கிறபோது கோர்ட்டுக்கு எங்கே தெளிப்பது? வாரத்தில் இரண்டு நாள் கொஞ்சம் தெளிக்கிறார்கள். மற்ற நாள் மேல்மண் புழுதியாகப் பறக்கிறது, அடிமண் சிமெண்ட் மாதிரி இறுகிக் கிடக்கிறது, பந்து சறுக்கிக்கொண்டு வருகிறது. ஈரம் இருந்தால் நின்று வரும், ஈரம் போனால் சீறி வரும் என்று மார்க்கர் அண்ணன் சொல்வாரே, அதை இப்போது தினமும் பார்க்கிறேன்.

பாரிஸ் தரையும் அடிப்படையில் இப்படித்தான். அங்கே மேலே சிவப்பாகத் தெரிவது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் செங்கல் பொடி. அதற்குக் கீழே சுண்ணாம்புக் கல் பொடி, நிலக்கரிக் கசடு, ஜல்லி என்று அடுக்கடுக்காகப் போட்டிருப்பார்கள். அந்தப் பொடியில் பந்து விழும்போது உராய்ந்து வேகம் குறைகிறது, செங்குத்தாக எழும்புகிறது. நடாலின் இடது கை டாப்ஸ்பின், அதாவது பந்து முன்னோக்கிச் சுழலும்படி அடிக்கும் அடி, நிமிடத்துக்குச் சராசரியாக 3,200 சுற்று சுழல்கிறது என்று அளந்திருக்கிறார்கள். அவ்வளவு சுழற்சியோடு வருகிற பந்து அந்தப் பொடியைக் கடித்தால் வலது கைக்காரனின் பேக்ஹேண்ட் பக்கம் தோளுக்கு மேலே ஏறிவிடும். வெயில் அடித்துத் தரை காய்ந்த நாளில் இன்னும் துள்ளும். அதனால்தான் மேகம் போட்டால் அவனுக்கு முகம் வாடும், வெயில் என்றால் உற்சாகம் வரும்.

இந்த ஆண்டு ஃபெடரர் அவனை வென்றது எதனால் என்று நீயே எழுதியிருந்தாய். பெரிய தலை ராக்கெட்டோடு பின் எல்லைக் கோட்டை விட்டு நகராமல் நின்று, பந்து எழும்பும்போதே பேக்ஹேண்டில் தட்டையாக அடித்துவிடுகிறான். நீ சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அதைக் கடினத் தரையில் செய்வது வேறு, மண்ணில் செய்வது வேறு. மண்ணில் பந்து ஒரே மாதிரி எழும்பாது. பாரிஸுக்கு முன்னால் மண் தரைப் போட்டிகளில் ஆடப்போவதில்லை என்று ஃபெடரரும் மயாமியிலேயே சொல்லிவிட்டான். மர்ரேவும் ஜோகோவிச்சும் முழங்கை வலியால் மயாமிக்கே வரவில்லை. அவர்கள் பலவீனத்தில் நடால் ஜெயிக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. ஜோகோவிச் பழைய தெம்போடு வந்து, அவனை இவன் மண்ணில் வெல்ல வேண்டும். 2014 பாரிஸ் இறுதிக்குப் பிறகு அது நடக்கவே இல்லை.

பதற்றத்துக்கும் மண்ணே மருந்து என்று எனக்குத் தோன்றுகிறது. கடினத் தரையில் ஒரு தப்பு செய்தால் பாயிண்ட் போய்விடும். மண்ணில் ஒரு மோசமான பந்தை அடித்தாலும் ஓடிப் போய் அடுத்ததை எடுக்க நேரம் இருக்கிறது. நம்பிக்கை இழந்தவனுக்கு அந்த நேரம்தான் வேண்டும். பத்து பந்து, பதினைந்து பந்து என்று ஒவ்வொரு பாயிண்ட்டும் நீளும்போது கை தன் வேலையை மறுபடி நினைவுபடுத்திக்கொள்ளும். நம் இருவருக்குமே எத்தனை காலை வேளைகளில் அப்படி ஆகியிருக்கிறது!

இதையெல்லாம்விட எனக்குத் தெம்பு தருவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆள். டிசம்பரில் கார்லோஸ் மோயா பயிற்சியாளராகச் சேர்ந்த செய்தி வந்தபோதே உனக்கு எழுதினேன், நீ அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 2008 ஜனவரி, நுங்கம்பாக்கம், சென்னை ஓபன். நாம் இருவரும் மேல் வரிசையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு பார்த்த அரையிறுதி. 6-7, 7-6, 7-6. ஏறக்குறைய நாலு மணி நேரம். இரண்டாவது செட் டைபிரேக்கரில் மேட்ச் பாயிண்ட்டைக் காப்பாற்றிக் காப்பாற்றி எழுந்தான் நடால். எதிரே நின்றது மோயா, அதே மயோர்க்கா தீவிலிருந்து வந்த மூத்தவர், 1998இல் பாரிஸில் கோப்பை வாங்கியவர். இங்கே 2004, 2005 இரண்டு வருடமும் சாம்பியன். சுனாமி வந்த அடுத்த வாரம் ஆடி ஜெயித்த பரிசுப் பணத்தை நிவாரணத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அதற்காகவே நம் ஊர்க்காரர்கள் அவருக்குக் கை தட்டினார்கள். மறுநாள் இறுதியில் நடால் நகரவே முடியாமல் யூஷ்னியிடம் 6-0, 6-1 என்று தோற்றான். நீ வருத்தத்தில் பஸ்ஸில் வழியெல்லாம் பேசவில்லை. அன்று அவனுக்கு ஃபெடரர் ஆளான நீயே வருத்தப்பட்டாய் என்பதை நான் மறக்கவில்லை.

இத்தனை வருடம் கூடவே இருந்த சித்தப்பா டோனி இந்த ஆண்டோடு பயணத்தை நிறுத்திக்கொள்கிறேன் என்று பிப்ரவரியில் சொல்லிவிட்டார். நான்கு வயதிலிருந்து கற்றுக்கொடுத்தவர். அவர் விலகும் வருடத்தில், பதினாறு வயதில் தன்னைத் தோற்கடித்த பையனுக்குப் பக்கத்தில் மோயா வந்து உட்கார்ந்திருக்கிறார். இருவரும் ஒரே தீவு, ஒரே மொழி. அவன் கண்ணில் பதற்றம் வந்தால் மோயாவுக்குச் சொல்லாமலே தெரியும். மூன்று மாதமாகப் பார்க்கிறேன், அவன் சர்வீஸில் நம்பிக்கை தெரிகிறது, முதல் இரண்டு மூன்று அடியிலேயே ஃபோர்ஹேண்டைத் தேடிப் போகிறான்.

பயம் இல்லாமலும் இல்லை. போன மே 27ஆம் தேதியை நினைத்தால் வயிறு கலங்குகிறது. பாரிஸில் இரண்டு சுற்றில் மொத்தமே ஒன்பது கேம் கொடுத்துவிட்டு, இடது மணிக்கட்டில் கட்டோடு வந்து உட்கார்ந்து, ஆட முடியாது என்று சொன்னானே. வலி நிற்க ஊசி போட்டுக்கொண்டு ஆடியிருக்கிறான் என்று அன்றுதான் தெரிந்தது. அந்தக் கை இந்த இரண்டு மாதம் தாங்க வேண்டும். மான்டி கார்லோ, பார்சிலோனா, மாட்ரிட், ரோம், பிறகு மே 28இல் பாரிஸ். ஐந்து போட்டி, நடுவில் ஓய்வு மிகக் குறைவு. எனக்கு வேறு எந்தக் கவலையும் இவ்வளவு இல்லை.

மான்டி கார்லோவில் ஒன்பது, பார்சிலோனாவில் ஒன்பது, பாரிஸில் ஒன்பது. மூன்று இடத்திலும் ஒரே எண்ணில் வந்து நிற்கிறான். மண் தரைக் கோப்பைகள் மொத்தம் 49, அர்ஜென்டினாவின் பழைய ஆட்டக்காரர் கில்லர்மோ வீலாஸின் கணக்குக்குச் சமம். பாரிஸில் 72 வெற்றி, இரண்டே தோல்வி. ஜூன் 3இல் அவனுக்கு 31 வயது. பத்தாவதை ஒரே ஒரு இடத்திலாவது தொட்டுவிட்டால் போதும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மூன்றிலும் வேண்டும். உன்னிடம் சொல்வதற்கு என்ன, நேற்று கோவிலில் மகளுக்காக வேண்டிக்கொண்ட கையோடு இதையும் சேர்த்து வேண்டிக்கொண்டேன்.

உன் ராக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். கோவையில் உன் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மண் கோர்ட் இருக்கிறது என்று போன வருடம் எழுதியிருந்தாய். முழங்காலுக்கு அதுதான் நல்லது, சிமெண்ட் கோர்ட்டுப் பக்கம் போகாதே. முதலில் அரைக் கோர்ட்டில் மெதுவாகத் தட்டு. போன அக்டோபரில் சொந்த ஊரான மனக்கோரில் நடால் தன் அகாடமியைத் திறந்தபோது ஃபெடரரும் வந்திருந்தானே, ஒருவனுக்கு முழங்கால், ஒருவனுக்கு மணிக்கட்டு. இருவராலும் சின்னப் பிள்ளைகளோடு கொஞ்சம் தட்டத்தான் முடிந்தது. மூன்று மாதம் கழித்து இரண்டு பேரும் மெல்போர்ன் இறுதியில் நின்றார்கள். உனக்கு இறுதிப் போட்டி வேண்டாம், எனக்கு எதிரே நின்றால் போதும். உன் அண்ணன் மகனுக்கு நான் புது ராக்கெட் வாங்கித் தருகிறேன். மகளின் பரீட்சை முடிந்ததும் மே கடைசியில் இரண்டு நாள் அங்கே வருகிறேன். என் ராக்கெட்டை எடுத்துக்கொண்டுதான் வருவேன்.

மான்டி கார்லோவில் அவனுக்கு முதல் சுற்று ஆட்டம் இல்லை, நேராக இரண்டாவது சுற்று. அடுத்த வாரம் நடுவில் வரும். நம் நேரத்துக்கு மத்தியானமோ சாயங்காலமோ இருக்கும். ஆட்டம் முடிந்ததும் போன் செய்கிறேன், எடு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

உன்,
பழைய டபுள்ஸ் ஜோடி