செயலாளர் ஆண்டறிக்கை 2024-25: ஆஸ்பத்திரி வேலை எதுவரைக்கும் வந்திருக்கு

தலைவர் ஐயா, பொருளாளர் அண்ணன், இங்க வந்து உக்காந்திருக்கற இருபத்தி ரெண்டு உறுப்பினர்கள், எல்லாருக்கும் வணக்கம். நம்ம சங்கத்துல மொத்தம் 84 பேர் இருக்காங்க, நோட்டுல இருக்காங்க. வராதவங்களுக்கும் சேத்துதான் இத எழுதியிருக்கேன், இங்க கேக்கறவங்க போய் அவங்ககிட்ட சொல்லிடுங்க.

முதல்ல வழக்கமான விஷயங்கள். இந்த வருஷம் காலமான நம்ம உறுப்பினர்கள் ரெண்டு பேருக்கும் எழுந்து நின்னு மௌன அஞ்சலி செலுத்தியாச்சு. ஆகஸ்ட் 15 கொடி ஏத்தி மிட்டாய் குடுத்தோம். கண் பரிசோதனை முகாம் நல்லா நடந்துச்சு. ரத்த தான முகாம் மழையால தள்ளி வெச்சோம், இன்னும் தள்ளித்தான் இருக்கு. பொங்கலுக்கு ஆஸ்பத்திரி துப்புரவு வேலை பாக்குற அம்மாங்க நாலு பேருக்கும் சேலை எடுத்துக் குடுத்தோம், கலர் பிடிக்கலன்னு ஒருத்தர் மாத்திக்கிட்டாங்க, அதோட அது முடிஞ்சுது.

இப்ப ஆஸ்பத்திரிக்கு வரேன். இதுல கொஞ்சம் நேரம் எடுத்துக்குவேன், ஏன்னா டீக்கடையில என்னப் பத்தி என்ன பேசிக்கிறாங்கன்னு எனக்கும் காதுல விழுது.

நம்ம ஆஸ்பத்திரி ஜில்லா போர்டு காலத்துல டிஸ்பென்சரியா இருந்து, அப்புறம் ஆரம்ப சுகாதார நிலையமாகி, அப்புறம் 30 பெட் போட்டு மேம்படுத்தப்பட்டதுன்னு போர்டு மாத்தினாங்க. போர்டுதான் மாறிச்சு. பின்னாடி இருக்கற பழைய மெட்ராஸ் ஒட்டு கட்டிடம், மரக்கட்டை மேல செங்கலும் சுண்ணாம்பும் வெச்சு கூரை போட்டது, அப்படியேதான் நிக்குது. 2018 நவம்பர் கஜா புயல்ல முன்பக்க ஷீட்டு பூரா பறந்து வயல்ல கிடந்தது ஞாபகம் இருக்கும், அதுக்கப்புறம் ஒட்டுப் போட்டதுதான் இன்னைக்கும் மேல இருக்கு. சமவெளியில 30,000 பேருக்கு ஒரு ஆரம்ப சுகாதார நிலையம்னு கணக்கு, ஆனா நம்மளுது வட்டாரத்துக்கே தலைமை நிலையம், சுத்துப்பட்டு கிராமம் எல்லாம் இங்கதான் வருது. இங்க முடியலன்னா தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரிதான், அம்பது கிலோமீட்டர்.

இந்த வருஷம் பணம் மூணு வழியில வந்துச்சு, வர வேண்டியிருக்குன்னும் சொல்லலாம். முதல்ல 15-வது நிதிக்குழு சுகாதார மானியம், 2021-லேர்ந்து 2026 வரைக்கும் நாடு முழுசுக்கும் 70,051 கோடின்னு ஒதுக்கினது, அதுல வட்டாரப் பொது சுகாதார அலகுன்னு லேப் கட்டிடம் ஒண்ணு நமக்கு வந்திருக்கு, பெயிண்டு வரைக்கும் முடிஞ்சு கரண்டு கனெக்‌ஷனுக்கு நிக்குது. ரெண்டாவது தேசிய நலவாழ்வுக் குழுமம், மத்திய அரசு 60 மாநில அரசு 40, அதுல பிரசவ வார்டு மராமத்து. மூணாவதுதான் நம்ம பங்கு இருக்கற நமக்கு நாமே திட்டம், அதப் பத்தி தனியா சொல்லணும்.

அதுக்கு முன்னாடி எக்ஸ்ரே கதை. டிஜிட்டல் எக்ஸ்ரே மெஷின் செப்டம்பர்ல லாரியில வந்து இறங்கிச்சு. ரூம் ரெடி இல்ல. புது கட்டிடத்துல ஒரு ரூம் தடுத்து வெச்சிருந்தாங்க, போய் டேப் வெச்சு பாத்தா தடுப்புச் சுவர் நாலரை இஞ்ச். எக்ஸ்ரே ரூமுன்னா ஒன்பது இஞ்ச் செங்கல் சுவரு வேணும், கதவுக்குள்ள ஈயத் தகடு வேணும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துல பதிவு பண்ணி அனுமதி வாங்கணும், அதெல்லாம் இல்லாம ஓட்ட முடியாது. இத தடுப்புச் சுவர் கட்டும்போதே நான் கேட்டேன், எழுத்துலயே குடுத்தேன், காப்பி என்கிட்ட இருக்கு. நீங்க யாரு சார் இஞ்சினியரான்னு கேட்டாங்க. நான் ரிட்டயர்டு தபால்காரன்தான், ஆனா டேப்பு பாக்கத் தெரியும்.

அப்புறம் மெஷின் பெட்டி அஞ்சு மாசம் வராந்தாவுலயே தார்ப்பாய் போத்திக் கிடந்துச்சு. ஓ.பி. சீட்டு வாங்க வர்ற பாட்டிங்க அது மேல தூக்குவாளிய வெச்சுட்டு லைன்ல நிப்பாங்க. ஒரு நாள் நான் போறப்ப ஒரு கோழி அதுக்கடியில முட்டை போட்டுட்டு கொக்கரிச்சுட்டிருந்துச்சு, நர்ஸம்மா அத வெரட்டிட்டு என்னப் பாத்து ஒரு பார்வை பாத்தாங்க பாருங்க, நான்தான் வாங்கிட்டு வந்து போட்ட மாதிரி. கடைசியில இடம் எங்க கிடைச்சுதுன்னா, இடிக்கணும் இடிக்கணும்னு எல்லாரும் சொல்ற அந்த பழைய கட்டிடத்துல, டிரெஸ்ஸிங் ரூமா இருந்ததுல. சுண்ணாம்புச் சுவர், ஒன்றரை அடி கனம். கதவு மட்டும் மாத்துனாங்க, த்ரீ ஃபேஸ் லைன் இழுத்தாங்க. பிப்ரவரி கடைசியில முதல் படம் எடுத்தாச்சு, மரத்துலேர்ந்து விழுந்த பையனோட மணிக்கட்டு. டெக்னீஷியன் வாரத்துல ரெண்டு நாள்தான், மத்த நாள் வேற ஊருக்கும் அவர்தான் போகணும். மத்த நாள்ல கை ஒடைஞ்சா பழையபடி டவுனுக்குப் போய் காசு குடுத்து எடுக்கறதுதான். மெஷினுக்கு பணம் இருக்கு, அத ஓட்டறதுக்கு ஒரு ஆளுக்கு போஸ்டிங் போட இல்ல, இது நம்ம ஊருல மட்டும் நடக்கற விஷயம் இல்லன்னு தெரியும், இருந்தாலும் சொல்லாம இருக்க முடியல.

பிரசவ வார்டு. ஃபெஞ்சல் புயலுக்கு முன்ன நவம்பர் கடைசி வாரம் ரெண்டு நாள் விடாம பேஞ்சுது பாருங்க, அன்னைக்கு ராத்திரி ஆயாம்மா எனக்கு போன் பண்ணாங்க. போய்ப் பாத்தா மூணு பக்கெட் வெச்சிருக்காங்க, ஒரு கட்டில சுவரோரமா தள்ளி அதுல ஒரு பொண்ணு, பிறந்து ரெண்டு மணி நேரமான குழந்தையோட, மேல குடை. அந்தப் பொண்ணோட மாமியார் குடைய பிடிச்சுட்டு நிக்கறாங்க, கை வலிச்சா அடுத்த கைக்கு மாத்திக்கிறாங்க. நான் போட்டோ எடுத்து அனுப்ப வேண்டிய இடத்துக்கெல்லாம் அனுப்பினேன். அதுக்கு அப்புறம்தான் மராமத்து எஸ்டிமேட் நகர்ந்துச்சு. அத நான்தான் நகர்த்தினேன்னு சொல்லல, ஆனா போட்டோ நான்தான் எடுத்தேன்.

இப்ப நமக்கு நாமே. இது 1997-ல ஆரம்பிச்ச திட்டம், 2011-ல தன்னிறைவுத் திட்டம்னு பேர மாத்துனாங்க, 2021-ல திரும்ப பழைய பேரு. ஊர் மக்கள் மூணுல ஒரு பங்கு கட்டினா மீதி ரெண்டு பங்கு அரசாங்கம் போடும். பாதிக்கு மேல நம்மளே போட்டா வேலையயும் நம்மளே எடுத்துச் செய்யலாம், ஆனா நம்ம மூஞ்சிக்கு மூணுல ஒண்ணே ததிங்கிணத்தோம். நான் எழுதிக் குடுத்தது ஆஸ்பத்திரிக்கு வர்றவங்க உக்கார ஒரு காத்திருப்புக் கூடம், ஆம்பள பொம்பளைக்கு தனித்தனி கழிவறை, வீல்சேர் போற சரிவுப் பாதை. எஸ்டிமேட் 12 லட்சம். நம்ம பங்கு 4 லட்சம்.

இதுக்குத்தான் என்ன கிண்டல் பண்ணாங்க. ஸ்கேன் கேப்பான்னு பாத்தா கக்கூஸ் கேக்கறான்னு. ஒரு உறுப்பினர், பேரு வேணாம், மக்களைத் தேடி மருத்துவத்துல பிரஷர் சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது, இனிமே யாரு ஆஸ்பத்திரியில போய் உக்காரப் போறான்னு கூட்டத்துலயே கேட்டார். அவர நான் ஒரே ஒரு செவ்வாய்க்கிழமை காலையில ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரி வாசலுக்கு வரச் சொல்றேன். மாசமா இருக்கற பொண்ணுங்க வேப்பமரத்து வேர் மேல உக்காந்திருக்காங்க, ஏழு மாசம் எட்டு மாசம். கர்ப்பத்த பதிவு பண்ணி குடுக்கற பிக்மி நம்பரு, ரத்தம் எடுக்கறது, டாக்டரு பாக்கறதுன்னு முடிய மதியம் ஒண்ணு ஆவுது, அதுவரைக்கும் ஒதுங்கணும்னா பின்னாடி கருவேலங்காடுதான், இருக்கற ஒரே கழிவறைக்கு தாப்பாள் இல்ல. மறுநாள் புதன்கிழமை தடுப்பூசிக்கு கைக்குழந்தையோட வர்றவங்க கதியும் அதுதான். தேசிய தரச் சான்றுன்னு ஒண்ணு இருக்கு, நூத்துக்கு எழுபது வாங்கணும், அதுல நோயாளிக்கு கழிவறை உக்கார இடம் குடிதண்ணி இதுக்கெல்லாம் மார்க் இருக்கு, ஸ்கேன் மட்டும் வெச்சுட்டா பாஸ் ஆயிட முடியாது. சான்று வந்தா ஆஸ்பத்திரிக்கு ஊக்கத்தொகை தனியா வரும். இதெல்லாம் படிச்சுட்டுத்தான் நான் எழுதிக் குடுத்தேன்.

அலைஞ்சத சொல்றேன். ஒரு ஆபீஸ்ல இது எங்க கட்டிடமே இல்ல அந்த ஆபீஸ் போங்கன்னாங்க, அந்த ஆபீஸ்ல இடம் அவங்களுது அவங்க தடையில்லாச் சான்று குடுத்தா நாங்க பாக்கறோம்னாங்க. எந்தெந்த ஆபீஸ்னு இதுல எழுதல, அடுத்த வருஷமும் நான் அங்கதான் போய் பெஞ்சுல உக்காரணும். மொத்தம் 19 தடவை போயிருக்கேன். பஸ் செலவு, ஜெராக்ஸ், வெளியில சாப்பாடு எல்லாம் சேத்து நான் எழுதின தொகைய சிலர் ஜாஸ்தின்னு சொன்னதா கேள்விப்பட்டேன். டிக்கெட்டு எல்லாம் ஒரு மஞ்சப்பையில வெச்சிருந்தேன், வீட்ல அது தெரியாம வேட்டியோட சேத்து ஊற வெச்சுட்டாங்க, அதனால பாதிதான் இருக்கு, அந்த பாதிக்குத்தான் சங்கத்துல வாங்கினேன். சந்தேகம் இருக்கறவங்க அடுத்த தடவை கூட வாங்க, ரெண்டு டிக்கெட்டா எடுத்துக்கலாம்.

அந்த 4 லட்சத்துல இதுவரைக்கும் வந்தது 2 லட்சத்து 65 ஆயிரம். இதுல பெரும்பகுதி சிங்கப்பூர்லயும் துபாய்லயும் இருக்கற நம்ம பசங்க அனுப்பினது. பத்து வருஷமா ஊருக்கு வராதவன் இருபதாயிரம் போட்டிருக்கான், ஆஸ்பத்திரிக்கு எதுத்த வீட்டுக்காரர் பாக்கலாம் பாக்கலாம்னு சொல்லிட்டிருக்கார், அவர் அந்த ஆஸ்பத்திரியிலதான் பொறந்தாரு. ஊர் பங்கு முழுசா கட்டினாத்தான் கலெக்டர் ஆபீஸ்ல நிர்வாக அனுமதி, அதுவரைக்கும் ஃபைல் ஃபைலாத்தான் இருக்கும்.

சந்தா. வருஷத்துக்கு 300 ரூபா. மாசத்துக்கு 25. 84 பேர்ல இந்த வருஷம் கட்டினவங்க 31. மூணு வருஷமா கட்டாதவங்க 18 பேர், அதுல முன்னாள் நிர்வாகிகள் ரெண்டு பேர். பேர் படிக்க வேணாம்னு தலைவர் ஐயா சொன்னதால படிக்கல, லிஸ்ட் இங்க மேசை மேலதான் இருக்கு, யாரு வேணாலும் எடுத்துப் பாக்கலாம். கூட்டத்துக்கும் அதே கதைதான். 2024-ல மேட்டூர் அணைய ஜூலை 28-தான் தொறந்தாங்க, ஆகஸ்ட்டுல கூட்டம் வெச்சா தண்ணி வந்துடுச்சு வயலுக்குப் போகணும்னாங்க, சரி அது நியாயம், நானும் விவசாயிதான். அறுப்பு முடிஞ்சு மார்ச்சுல வெச்சேன், ஆறு பேர். போண்டா முப்பது பேருக்கு சொல்லியிருந்தேன்.

கணக்கு விவரம் பொருளாளர் படிப்பார். சுருக்கமா சொன்னா வரவு செலவு ஏறக்குறைய சமம், கையிருப்பு கொஞ்சம் இருக்கு, வங்கியில கொஞ்சம் இருக்கு, பந்தல்காரருக்கு பழைய பாக்கி ஒண்ணு இருக்கு அது இழுத்துக்கிட்டே போவுது. ஆஸ்பத்திரி நிதி தனி அக்கவுண்டு, அதுலேர்ந்து ஒத்த ரூபா எடுக்கல, பாஸ்புக் இருக்கு. 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவாளர் ஆபீஸ்ல தாக்கல் பண்ணணும், ஆடிட்டர் கையெழுத்து வந்ததும் பண்ணிடுவோம்.

நன்றி சொல்லணும். சட்டமன்ற உறுப்பினர், ஊராட்சித் தலைவரா இருந்தவர், வட்டார மருத்துவ அலுவலர், செவிலியர்கள், மைக் செட் குடுத்தவர், இடம் குடுத்த பள்ளிக்கூடத் தலைமையாசிரியர் எல்லாருக்கும் நன்றி. ராத்திரி போன் பண்ண அந்த ஆயாம்மாவுக்கு தனியா.

அடுத்த வருஷம் பத்தி ஒளிக்காம சொல்லிடறேன். நிதிக்குழு மானியம் 2026 மார்ச்சோட முடியுது, அதுக்குள்ள லேப் கட்டிடத்துக்கு கரண்டும் மெஷினும் வந்துடணும், கேட்டுக்கிட்டே இருந்தாத்தான் வரும். எனக்கு வயசு 67, முட்டி வலி, பஸ்ஸுல நிக்க முடியல. செயலாளர் பொறுப்ப யாராவது எடுத்துக்கறேன்னா இன்னைக்கே நோட்டு, சீலு, ஃபைலு, மஞ்சப்பை எல்லாம் குடுத்துடறேன். யாரும் எடுத்துக்கலன்னா... அத நீங்களே சொல்லுங்க. எப்படி இருந்தாலும் இன்னும் 1 லட்சத்து 35 ஆயிரம் வேணும். உறுப்பினர் தலைக்கு ரெண்டாயிரம் போட்டாலே முடிஞ்சுடும், மீதியும் வரும். நடவு செலவு இருக்கறவங்க தீபாவளிக்கு அப்புறம்கூட குடுங்க, ஆனா பேர மட்டும் இன்னைக்கு எழுதிட்டுப் போங்க.

ரசீது புக் என் சட்டைப் பையிலயேதான் இருக்கு. ஜிபே-ல அனுப்பறவங்க பேர் போட்டு அனுப்புங்க. போன மாசம் "ஹாய்"னு மட்டும் போட்டு ஒரு 300 வந்திருக்கு, அது யாருதுன்னு இன்னும் தெரியல, இங்க இருந்தா கைய தூக்குங்க, ரசீது போட்டுடறேன்.