சந்தையில் இரட்டிக்கும் காசு

டெட்ராயிட்,
ஆகஸ்ட் மாதம்

அன்பின் அக்காவுக்கு,

தம்புள்ளையிலிருந்து லொறியில் வந்திறங்கும் கரட்டும் போஞ்சியும் திருகோணமலைச் சந்தையில் விற்கும் விலையைக் கேட்டுவிட்டு, உங்கள் மாதர் சங்கத்துப் பெண்கள் பலர் வெறும் சொதியோடும் கருவாட்டோடும் பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதை வாசித்தது முதல், இங்கே சனிக்கிழமைச் சந்தையில் நான் காண்பதை உங்களுக்கு விரிவாக எழுத வேண்டும் என்று எண்ணியிருந்தேன்.

இந்த நாட்டில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு உணவுக்கென்று மாதந்தோறும் அரசாங்கம் ஓர் அட்டையில் பணம் இடுகிறது. எங்கள் நாட்டில் 1979இல் வந்த உணவு முத்திரையைப் பற்றி அம்மா சொல்வாரே, ஏறக்குறைய அதைப் போன்றதுதான். ஆனால் அந்தப் பணம் பாணுக்கும் இறைச்சிக்கும் போய்விட, பழத்துக்கும் கீரைக்கும் மிஞ்சுவது சொற்பமே. ஆகவே 2009இல் இந்நகரத்து விவசாயிகள் சந்தைகளில் 'டபுள் அப் ஃபுட் பக்ஸ்' என்ற திட்டம் தொடங்கப்பட்டது. சந்தை அலுவலக மேசையில் அட்டையைக் கொடுத்து 10 டொலர் எடுப்பவருக்கு, பழமும் மரக்கறியும் மட்டுமே வாங்கக்கூடிய இன்னொரு 10 டொலருக்கான வில்லைகளையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். நாளொன்றுக்கு இவ்வளவுதான் என்று ஓர் எல்லை உண்டு. சென்ற வாரம் எனக்கு முன்னால் நின்ற ஒரு தாய், அந்த வில்லைகளை உள்ளங்கையில் பரப்பி எண்ணி, முதலில் கீரைக்கட்டுகளை எடுத்து, மிஞ்சியதற்குத் தன் மகனையே பீச் பழங்களைத் தெரிவுசெய்ய விட்டார். அவன் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து எடுக்கும்வரை விவசாயியும் பொறுத்திருந்தார்.

இதில் என் மனத்தைத் தொட்டது, ஏழைக்குக் கொடுக்கும் அதே பணம் அவ்வூர் விவசாயியின் கைக்கே போய்ச் சேர்கிறது என்பதுதான். வில்லைகளைச் சந்தை அலுவலகத்தில் ஒப்படைத்து அவர் காசாக்கிக்கொள்கிறார். வாங்குபவருக்கும் தனி வரிசை இல்லை. எல்லோரும் வாங்கும் அதே தட்டில், விரும்பியதைத் தாமே பார்த்து எடுக்கிறார். 2014ஆம் ஆண்டின் விவசாயச் சட்டம் இத்தகைய திட்டங்களுக்கு மத்திய அரசின் நிதியையும் ஒதுக்கியது.

அக்கா, சாம்பல்தீவுப் பக்கம் வீட்டுத்தோட்டம் செய்யும் பெண்கள் கத்தரியும் வெண்டியும் முருங்கைக்காயும் விற்க இடமின்றி, வரும் வியாபாரி சொல்லும் விலைக்கே கொடுத்துவிடுகிறார்கள் என்று நீங்கள்தான் முன்பு எழுதினீர்கள். திரிபோஷா என்ற சத்துமா வாங்கக் கிளினிக்குக்கு வரும் கர்ப்பிணித் தாய்மாருக்கு மட்டும், அவர்கள் 200 ரூபாய்க்கு மரக்கறி வாங்கினால் இன்னொரு 200 ரூபாய்க்குச் சங்கத்தின் சீட்டொன்றைக் கொடுத்து, இப்பெண்களிடமே வாங்கச் செய்யலாம் அல்லவா? யார் யாருக்கு என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள். முதல் மூன்று மாதச் சீட்டுகளுக்கான பணத்தை நான் அனுப்புகிறேன். சங்கக் கூட்டத்தில் பேசிவிட்டு, எத்தனை தாய்மார், மாதம் எவ்வளவு தேவை என்று கணக்கெழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி